ஒரு பின்னேரத்துக்கு மிசிஸ் டூபே

போன மாதம் நம் மூத்தோர் மதியச் சாப்பாட்டில் ஒருவர் எழுந்து பேசினாரே, நீங்களும் வடையைக் கடித்தபடி தலையாட்டினீர்களே, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எழுபதுகளில் இந்த ஊருக்கு வந்த நம் பெரியவர்கள் பரந்த மனதுக்காரர்களாம். எந்த இனத்தவர் வந்தாலும் கதவைத் திறந்து வைத்தார்களாம். நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். எந்தக் கதவு? யார் திறந்தது? சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு கதவு சாத்தப்பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

அந்தக் காலத்து வீடுகளை உங்களுக்கு நான் விளக்கவேண்டாம். தகட்டுச் சுவர், தகரக் கூரை, வெயில் ஏறினால் டிக் டிக் என்று வெடிக்கிற சத்தம், குசினித் தரையில் ஒட்டிய பச்சை விரிப்பின் ரப்பர் வாசம். முன்பக்கத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்களின் மகளான அக்காவும் இருந்தார்கள். வீடு பெரியப்பாவுடையது. அவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், என்ஜினியர், எங்கள் ஆட்களில் முதலில் வந்து சேர்ந்தவர். பக்கத்து இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். பின்வளவில், வேலியை ஒட்டி, குசினியோடு சேர்ந்த ஓர் ஒற்றை அறை வீடு தனியாக நின்றது.

நாங்கள் ஏன் பெரியப்பாவின் வீட்டில் வாடகைக்கு ஒதுங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வீடு தேடி அலைந்தார். ஃபோனில் "வந்து பாருங்கள்" என்பார்கள். கதவைத் திறந்து அப்பாவின் முகத்தைக் கண்டதும், இப்போதுதான் வேறு ஒருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். அடுத்த கிழமையும் அதே சன்னலில் அதே அறிவித்தல் தொங்கும். அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்பா பிறகு மறந்துபோனார்.

பின்வீட்டுக்கு ஆள் கொண்டுவந்தது பெரியப்பாதான். இப்போது சிம்பாப்வே எனப்படும் ரொடீசியாவில் புலவாயோ என்ற ஊரில் இருந்து உதவிப் பணத்தில் நில அளவை படிக்க வந்த ஒருவர், அவருடைய மனைவி. இருவரும் ந்தெபெலே இனத்தவர். "படிக்கிற பிள்ளை, குடிவெறி இல்லை, சிகரெட் இல்லை" என்று வருகிறவர் எல்லாரிடமும் பெரியப்பா பெருமையடித்தார். தான் ஓர் ஆபிரிக்க அறிஞருக்கு இடம் கொடுத்திருப்பதாக ஒரு நினைப்பு. நான் அவர்களைப் பின்வீட்டு அங்கிள், பின்வீட்டு அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் எங்களோடு பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

அன்ரி முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போனார். கைகளில் எந்நேரமும் வெளுப்பு மருந்தின் வாசம் இருக்கும். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வேலியோரம் போய்விடுவார். அங்கே அவர் நட்ட பூசணிக் கொடி படர்ந்து கிடந்தது. இந்த நாட்டுக்காரர் பூசணிக்காயைச் சாப்பிட்டு இலையைக் குப்பையில் போடுகிறவர்கள். அன்ரி இலையைத்தான் பறிப்பார். காம்பின் நாரைச் சர்ரென்று உரித்து, அவித்து, இடித்த கச்சான் கடலை தூவிக் கிண்டுவார். அந்த வாசம் பின்வளவு முழுக்க நிற்கும். அம்மா ஒரு நாள் அந்த இலையை வாங்கி, பாக்கெட்டில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைப் போட்டு வறை செய்து கொடுத்தார். அன்றிலிருந்து கோப்பை ஒன்று இங்கும் அங்குமாகப் போய்வரத் தொடங்கியது.

அந்தக் கோப்பையைத் திருப்பித் தர வந்த ஒரு நாளில்தான் பெயர்க் கதை தொடங்கியது. எங்கள் சாமிப்படம் துவாய்கள் அடுக்குகிற அலுமாரிக்குள் இருந்தது. வெள்ளைக்காரர் யாரும் வந்தால் அம்மா கதவைச் சாத்திவிடுவார். அன்று திறந்திருந்தது. அன்ரி பிள்ளையார் படத்தைக் கண்டு வாயில் கை வைத்தார். பிறகு முழங்காலை மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார்.

"எங்கள் வீட்டு ஆள் உங்கள் அலுமாரிக்குள் என்ன செய்கிறார்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருடைய குடும்பப் பெயர் ந்ட்லோவு. அவர்கள் மொழியில் யானை. அவருடைய தகப்பன் ந்ட்லோவு, தகப்பனின் தகப்பன் ந்ட்லோவு, எண்ணமுடியாத அளவுக்குப் பின்னால் போனாலும் ந்ட்லோவு. அந்தப் பெயர்க்காரர் யானை இறைச்சி தொடமாட்டார்கள். யானையைப் பற்றிக் கேலியாகப் பேசுகிற இடத்தில் நிற்கவும் மாட்டார்கள். முன்பின் தெரியாத ஊரில் இன்னொரு ந்ட்லோவுவைக் கண்டால் அவர் கூடப்பிறந்தவர், கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"சிட்னியில் யானை இறைச்சி கிடைக்காததால் எனக்கு விரதம் சுலபம்" என்றார் அன்ரி.

அங்கிளின் பெயர் டூபே. வரிக்குதிரை. ஆனால் அன்ரி கலியாணம் கட்டியதும் டூபே ஆகிவிடவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண் தன் தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் புருஷன் வீட்டுக்குள் கால் வைக்கிறாள். அதற்கு முன்னால் 'மா' சேர்த்து, மாந்ட்லோவு என்று கூப்பிடுவார்கள். மாமியார் கூப்பிடுவதும் அப்படித்தான், புருஷன் கூப்பிடுவதும் அப்படித்தான். பிள்ளைகள் தகப்பனின் பெயரை எடுப்பார்கள். அவளுடையது அவளோடேயே இருக்கும்.

அன்ரி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போதெல்லாம் அங்கிள் "கட்ஷேனி" என்பதை நான் கவனித்திருந்தேன். அது என்ன என்று கேட்டேன். அது ந்ட்லோவு ஆட்களின் புகழ்ப்பெயராம்.

"வெறுமனே நன்றி என்றால் அது உன் அன்ரியோடு நின்றுவிடும். அவளுடைய ஆட்களின் பெயரைச் சொன்னால் அவளைப் பெற்றவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், எல்லாருக்கும் போய்ச் சேரும்" என்றார் அங்கிள்.

இதைக் கேட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் என் பெயர் கேண்டி. ஆமாம், மிட்டாய். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான் என்பது இந்த நாட்டுக்குப் புரியவில்லை. குடும்பப் பெயர் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று நின்றார்கள். அப்பா தன் தகப்பனின் பெயரான கந்தையாவைக் கொடுத்தார். ஒரே நாளில் அப்பா, அம்மா, நான் மூவரும் கந்தையா ஆனோம். என் ஆசிரியைக்கு அந்த நாலு எழுத்தும் பாரமாக இருந்ததாம். கேண்டி என்று சுருக்கினார். அப்பப்பா உயிரோடு இருந்திருந்தால் பிரம்போடு கப்பல் ஏறியிருப்பார். வீட்டில் முறையிட்டபோது அப்பா, "விடு பிள்ளை, அவையளுக்கு வாயிலை வராது" என்றார். இன்றும் எனக்குப் புரியவில்லை. பீத்தோவனும் ஷேக்ஸ்பியரும் வருகிற வாயில் கந்தையா ஏன் வராது?

என் கதை கிடக்கட்டும். அம்மாவுக்கு நடந்தது இன்னும் மோசம்.

நம் வீட்டுப் பெண்கள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். உங்கள் அம்மாமாரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். என் அம்மா கந்தையா என்று ஒரு கடைக்குப் பெயர் இருந்தாலும் அதை 'சந்திக் கடை' என்பார். அப்படிப்பட்டவருக்கு இந்த நாடு அதே பெயரைத் தூக்கித் தலையில் கட்டியது. போகிற இடமெல்லாம் அவரிடம் கேட்பதும் அதைத்தான்.

ஒரு முறை எனக்குக் காது வலி. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அன்ரிக்கு அன்று லீவு, துணைக்கு வந்தார். மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் அம்மாவைப் பார்த்து, "குடும்பப் பெயர்?" என்றார். அம்மா உதட்டை மூடிக்கொண்டார். அந்தப் பெண் இன்னும் சத்தமாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டே "கந்தையா" என்றேன். அந்தப் பெண் அம்மாவை விட்டுவிட்டு என்னிடம், "உன் அம்மாவுக்கு ஒரு சொல்லும் இங்கிலிஷ் தெரியாதா, செல்லம்?" என்றார். யாழ்ப்பாணத்தில் உயர்வகுப்புக்கு ஆங்கிலத்திலேயே கணிதம் படிப்பித்த என் அம்மாவைப் பார்த்து! அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்க் கதிரையில் இருந்தார்.

வெளியே வந்ததும் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது உன் மாமனாரின் பெயர், இல்லையா?"

அம்மா திகைத்துப்போய்த் தலையாட்டினார். அன்ரி பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் தொப்பென்று இருந்து சிரிக்கத் தொடங்கினார். அவர்கள் ஊரிலும் இதே கதைதான். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது. அது மட்டும் இல்லை, அந்தப் பெயரின் ஓசை வருகிற சொல்லையும் தவிர்க்கவேண்டும். அன்ரியின் மாமனாருக்கு மழை என்று பொருள்படும் பெயராம். அதனால் சொந்த மொழியில் அவர் மழையை மழை என்று சொல்வதில்லை.

"மேலிருந்து விழுவது வருகிறது, துணியை எடு என்று கத்துவேன். நான் கத்தி முடிப்பதற்குள் துணி நனைந்துவிடும்" என்றார்.

அம்மா அப்படிச் சிரித்ததை நான் இந்த நாட்டில் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

"ஆனால் என்னை ஒருவரும் மாமனாரின் பெயரைச் சொல்லு என்று கேட்பதில்லையே" என்றார் அன்ரி. "எனக்குத்தான் என் அப்பாவின் வீட்டுப் பெயர் இருக்கிறதே. உன் அப்பாவின் பெயர் என்ன?"

"சின்னத்தம்பி" என்றார் அம்மா. சத்தமாக, தடங்கல் இல்லாமல் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா, அன்ரிக்கு மாசின்னத்தம்பி. ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொல்வார். கோப்பையைக் கையில் வாங்கும்போது வேலிக்கு அப்பால் கேட்கும்படி "மாசின்னத்தம்பி!" என்பார். அம்மாவின் தகப்பன் அதற்கு எட்டு வருடத்துக்கு முன் செத்துப்போனவர். அவரை மெரிலேண்ட்ஸில் பெயர் சொல்லிக் கும்பிட்ட ஒரே ஆள் அந்த அன்ரிதான். நம் ஆட்கள் ஒருவரும் அவர் யார் என்று கேட்டதுகூட இல்லை.

அந்த வருடக் கோடையில் அன்ரி பிள்ளைத்தாச்சி ஆனார். அதே நேரம் அக்காவுக்கு மெல்பேணில் இருந்து சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை மருத்துவர். அவர் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெரியம்மா சுவர் சுவராகத் துடைத்தார். பெரியப்பா வளவெல்லாம் புல் வெட்டினார். அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது, உடுப்புக் கொடியடியில் நின்ற அங்கிளிடம் நல்ல மனதோடு கேட்டார்:

"மிசிஸ் டூபேக்குப் பிரசவத்துக்கு எப்போது நாள் சொல்லியிருக்கிறார்கள்?"

அங்கிள் சிரித்தார். "அவள் டூபே இல்லை. ந்ட்லோவு. செத்துப் புதைத்தாலும் ந்ட்லோவுதான்."

பெரியப்பாவின் கையில் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டே நின்றது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டு நேரே உள்ளே போனார்.

அடுத்த நிமிடம் பெரியம்மா எங்கள் குசினிக்குள்.

"கேட்டியே? அதுகள் கலியாணம் கட்டேல்லையாம்! அவளுக்கு வேறை பேராம். வைச்சிருக்கிறான். நாங்கள் குடும்பம் எண்டெல்லே நினைச்சம்."

"இல்லை அக்கா, அவையின்ர வழக்கம் அப்பிடி. பொம்பிளை தகப்பன்ர பேரைத்தான் வைச்சிருப்பா" என்றார் அம்மா.

"ஓமோம், உனக்கு அவள் சொன்னவள், நீ நம்பினனி."

பிறகு பெரியம்மா அவர்களைக் குறிக்க ஒரு சொல் சொன்னார். நம் எல்லார் வீட்டிலும் புழங்கிய சொல்தான். அதை நான் இங்கே எழுதமாட்டேன். எது என்று உங்களுக்குத் தெரியும். இனிமேல் பின்வீட்டுக்குக் கோப்பை போகக்கூடாது என்றும், பிள்ளையை அந்தப் பக்கம் விடவேண்டாம் என்றும் உத்தரவு வந்தது. அன்று பின்னேரமே அம்மா கோப்பை நிறையக் கடலை எடுத்துக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பெரியம்மாவின் சன்னலைத் தாண்டிப் பின்வீட்டுக்குப் போனார்.

இதோடு நின்றிருந்தால் தெரியாத்தனம் என்று மன்னித்துவிடலாம். மன்னிக்கமுடியாதது இனித்தான் வருகிறது.

விஷயம் காதில் விழுந்ததும் அங்கிள் சட்டையை மாற்றிக்கொண்டு, மரியாதையாக முன்கதவைத் தட்டி வந்தார். தேவாலயத்தில் எடுத்த கலியாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தன் தகப்பன் அன்ரியின் தகப்பன் வீட்டுக்குப் பெண் கேட்டு மாடுகள் ஓட்டிப்போன கதையையும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இருந்து பேசி முடித்ததையும் சொன்னார். பெரியப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்பினார். நன்றாக நம்பினார்! அதுதான் எனக்கு இன்றுவரை வயிறெரிகிற இடம். இரண்டு நாள் கழித்து அவர்களைப் பின்வளவில் கூப்பிட்டு நிறுத்தி, பக்கத்தில் அப்பாவையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்கள் கலியாணம் கட்டினவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் நான் விளங்கப்படுத்திக்கொண்டு இருக்கமுடியாது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, நான் உங்களை மிஸ்டர் அண்ட் மிசிஸ் டூபே என்று அறிமுகப்படுத்துவேன். உங்கள் மனைவி ஓம் என்று தலையாட்டினால் போதும். ஒரு பின்னேரம்தானே?"

அன்ரி துணிக்கூடையைக் கீழே வைத்தார். வயிறு நன்றாகத் தெரிகிற காலம். இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்தார்.

"ஐயா, காகிதத்தில் யார் எப்படி எழுதினாலும் நான் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது, எழுதுகிறார்கள். ஆனால் பெரியவர்கள் கூடி இருந்து, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கும்போது, நான் டூபே என்று என் வாயால் சொல்லமாட்டேன்."

"அதில் என்ன குறைந்துவிடும்?"

"டூபே பெண் என்றால் நான் இவருக்குத் தங்கை. தங்கையின் வயிற்றில் அண்ணனின் பிள்ளை. அதைக் கலியாணம் பேசுகிற வீட்டில் நின்று சொல்லச் சொல்கிறீர்களா?"

பெரியப்பாவுக்கு விளங்கவில்லை. விளங்க விருப்பமும் இல்லை. அங்கிள் பொறுமையாக, "அந்த நாள் முழுக்க நாங்கள் வெளியே போய்விடுகிறோம், ஒருவர் கண்ணிலும் படமாட்டோம்" என்றார். பெரியப்பா தலையை ஆட்டினார். சம்பந்தம் சரிவந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து போவார்களாம். எத்தனை தரம் ஒளிந்திருப்பது? ஒன்றில் மிசிஸ் டூபே, இல்லையென்றால் மாதம் முடிய வேறு இடம்.

அப்போதுதான் அம்மா குசினிப் படியால் இறங்கி வந்தார். பெரியப்பாவுக்கு முன்னால் அம்மா நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லுகிறதோடு சரி. அன்று முகத்துக்கு நேரே நின்றார்.

"பெரியத்தான், ஒரு சொல்லுச் சொல்லட்டே? எங்கட அக்காவை, உங்கட மனிசியை, ஆரும் 'நீ உன்ர புருஷன்ர தங்கச்சி எண்டு சொல்லு, ஒரு பின்னேரம்தானே' எண்டு கேட்டா, நீங்கள் விடுவியளே?"

"அது வேறை, இது வேறை."

"என்ன வேறை? அவ பிள்ளைத்தாச்சி. இந்த ஊரிலை எங்களுக்கே ஆர் வீடு தந்தவை? இவையளுக்கு ஆர் குடுப்பினம்?" அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோவன்."

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்தார். வீடு தேடி அலைந்த அதே சப்பாத்து. தேய்ந்த குதிக்கு அவரே ரப்பர் ஒட்டியிருந்தார். "அண்ணை சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றார். அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் எனக்குச் செய்த நல்லது ஏராளம். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் அவரை உலுக்கவேண்டும் போல் இன்றும் இருக்கிறது.

"பெரியத்தான்" என்று அம்மா மறுபடியும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். பிள்ளை பிறக்குமட்டும் எண்டாலும்."

"நீ உள்ளை போ" என்றார் பெரியப்பா.

அம்மா உள்ளே போகவில்லை. அன்ரியின் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவரோடு பின்வீட்டுக்குள் போனார்.

அவர்கள் மாத முடிவுக்கு முன்னமே போய்விட்டார்கள். அங்கிளோடு படிக்கிற ஒருவர் கார் கொண்டுவந்தார். மெத்தையைக் கூரையில் கட்டினார்கள். பிள்ளைக்கென்று அன்ரி வாங்கி வைத்திருந்த மஞ்சள் நிறத் தொட்டில் கட்டில் காரில் ஏறவில்லை. பிறகு எடுக்கிறோம் என்று விட்டுப்போனார்கள். பெரியம்மா அடுத்த கிழமையே அதைக் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டார். போகுமுன் அம்மா சோற்றுப் பொதி கொடுத்தார். அன்ரி இரண்டு கையாலும் வாங்கி, அம்மாவின் தகப்பன் வீட்டுப் பெயரைச் சொன்னார். அவர்கள் காரில் ஏறும்போது பெரியப்பா கையசைத்து "குட் லக், மிசிஸ் டூபே" என்றார் பாருங்கள்! கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. அன்ரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கார் போனதும் பெரியப்பா பூசணிக் கொடியின் மேல் புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றினார். இரண்டு நாள் வளவெல்லாம் அரைபட்ட இலையின் பச்சை வாசம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பின்வளவை எட்டியும் பார்க்கவில்லை. பின்வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டிஸ் சாப்பிட்டார்கள், கிரிக்கெட் பேசினார்கள், அக்காவை நிற்கவைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஃபோனில் பதில் வந்தது: பிள்ளை கொஞ்சம் கறுப்பு, மகன் யோசிக்கிறான்.

பெரியப்பா கூடத்துக்கும் குசினிக்குமாக நடந்தார். "நிறம் பாக்கிறாங்கள்! இந்தக் காலத்திலை, இந்த நாட்டுக்கு வந்தும் மனிசரை நிறம் பாக்கிறாங்கள்! படிச்ச சனமோ இது?" என்று கத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அக்கா பாவம், அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. பெரியப்பாவின் அழுகையைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. ஒன்பது வயதில் வராதது அறுபதுக்கு மேல் வருமா?

அம்மா அன்று தேத்தண்ணீர் போட்டு முன்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினார். தான் போகவில்லை.

பிள்ளை பிறந்தபோது அன்ரி தெருமுனை ஃபோன் பெட்டியில் இருந்து அம்மாவோடு பேசினார். பெண் பிள்ளை. டூபே பெண். வளர்ந்து யார் வீட்டுக்குப் போனாலும் அவளை மாடூபே என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னாராம். காசு முடிந்து ஃபோன் நின்றுவிட்டது. ஒரே அறையில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எங்கே என்று சொல்வதற்குள் நின்றுவிட்டது. படிப்பு முடிந்து மெல்பேண் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். அம்மா பிறகு மெல்பேண் போகும்போதெல்லாம் ரயிலில், சந்தையில், ஆபிரிக்கப் பெண் யாரைக் கண்டாலும் நின்று முகத்தைப் பார்ப்பார். நான் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டு போவேன்.

நாங்களும் அடுத்த வருடம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனோம். பெரியப்பாவோடு உறவு முறியவில்லை. நம் ஆட்களில் உறவு எங்கே முறிகிறது? கலியாணம், பிறந்தநாள், பிறகு ஹெலன்ஸ்பர்க்கில் கோயில் வந்ததும் திருவிழா, எல்லா இடத்திலும் கண்டோம். அம்மா அவருக்குச் சாப்பாடு பரிமாறினார், சுகமில்லை என்றால் போய்ப் பார்த்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் பின்வளவில் கும்பிட்டுக் கேட்ட அந்த நாளுக்குப் பிறகு அவரைப் பெரியத்தான் என்று கூப்பிட்டதே இல்லை. வேறு எப்படியும் கூப்பிட்டதும் இல்லை. பேசவேண்டி வந்தால் முன்னால் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார். பெரியப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. வயதான காலத்தில் என்னிடம் ஒரு முறை, "உன்ர கொம்மா என்னை வாய் திறந்து கூப்பிட்டுக் கனகாலம்" என்றார். நான் பேச்சை மாற்றவில்லை. "ஓம் பெரியப்பா, மெரிலேண்ட்ஸ் வீட்டிலை இருந்து" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் செத்தபோது அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பெரியம்மாவும் அப்பாவும் முன்னமே போய்விட்டார்கள். மண்டபம் நிறையச் சனம். அவரைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள், வந்தவருக்கெல்லாம் இடம் கொடுத்தவர் என்று. வாய்க்கரிசி போடுவதற்கு நெருங்கிய பெண்களை ஐயர் முறைப்படி வரிசையாகக் கூப்பிட்டார். இளம் ஐயர், ஊருக்குப் புதிது. மகள் போட்டாள். அடுத்தது யார் என்று தெரியாமல் பார்த்தார். முன்வரிசையில் இருந்த மூத்த பெண் அம்மாதான். எல்லாரும் அம்மாவைத்தான் காட்டினார்கள். ஐயர் குனிந்து மரியாதையாகக் கேட்டார்:

"அம்மா, காலஞ்சென்றவர் உங்களுக்கு என்ன முறை?"

அம்மா என் கையைப் பிடித்து எழுந்து நின்றார். பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"முறை ஒண்டுமில்லை, ஐயா. ஒரு காலத்திலை இவரின்ர வீட்டிலை வாடகைக்கு இருந்தனாங்கள்."